ஹெரால்டின் விலா எலும்புகள்

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை விலைக்குக் கேட்டுப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள். அந்த வண்டியில் பானெட்டைத் திறப்பதே ஒரு காட்சிதான். முன்பக்க மட்கார்டுகள், விளக்குகள் எல்லாம் சேர்த்து மொத்த முகமும் முன்னோக்கிக் கவிழும். இன்ஜின், முன்சக்கரங்கள், ஸ்டியரிங் எல்லாம் வெட்டவெளிக்கு வந்துவிடும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே ரிப்பேர் பார்க்கலாம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மட்டும் பானெட் பக்கம் போவதற்கு முன்பே தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். கதவுக்குக் கீழே, உள்பக்கமாக, இடமும் வலமும் நீளும் இரும்புக் கைகளைத் தேடிக் குத்திப் பார்ப்பார்கள். டங் என்று சத்தம் வந்தால் வண்டியைப் பற்றி மேற்கொண்டு பேசலாம். ஸ்க்ரூடிரைவர் சரக்கென்று உள்ளே போனால், எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "அடி போச்சு சார்" என்பார்கள்.

அடி என்று அவர்கள் சொல்வது சேஸிஸை. இந்தக் கட்டுரை அந்த அடியைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, அதன் பக்கவாட்டுக் கைகளைப் பற்றியது. அந்தக் கைகள் எப்படி வந்தன, ஏன் செத்துப்போகின்றன, செத்தால் எங்கே தேடுவது, கிடைக்காவிட்டால் எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டே போனால், கோவென்ட்ரியில் தொடங்கி மெட்ராஸ் வழியாக ஒரு சட்டச் சிக்கலில் போய் முடியும் வரலாறு ஒன்று கிடைக்கிறது.

1

சேஸிஸ் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் படம் போட்டு விளக்கவேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் பார்த்திருப்போம். கூரை இல்லாமல், கதவு இல்லாமல், இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், ஒரு இன்ஜின், சக்கரங்கள், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு டிரைவர். பாடி கட்டுவதற்காக நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ கரூருக்கோ போய்க்கொண்டிருக்கும் வண்டி அது. அம்மணமான அந்த வண்டி ஓடும், திரும்பும், நிற்கும். அதன்மேல் லாரியும் கட்டலாம், பஸ்ஸும் கட்டலாம். எடையைச் சுமப்பது கீழே இருக்கும் சட்டம். மேலே இருப்பது உடுப்பு.

ஆரம்பகாலக் கார்கள் எல்லாமே இப்படித்தான் இருந்தன. குதிரை வண்டியின் அடிச்சட்டத்தில் இன்ஜினை வைத்ததிலிருந்து தொடங்கிய பழக்கம். பிறகு வேறொரு யோசனை வந்தது. உடுப்பையே எலும்பாக்கினால் என்ன? முட்டைக்கு எலும்பு கிடையாது, ஓடுதான் அதைத் தாங்குகிறது. 1922இல் இத்தாலியின் லான்சியா லாம்டாவும், 1934இல் பிரான்ஸின் சிட்ரோயன் ட்ராக்‌ஷன் அவாந்தும் இந்த வழியில் வந்தன. தரை, தூண், கூரை, பக்கச் சுவர் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி, மொத்தப் பெட்டியையே சுமைதாங்கியாக்குவது. மோனோகாக் என்பார்கள். எடை குறைவு, உறுதி அதிகம். லட்சக்கணக்கில் செய்தால் விலையும் குறைவு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவின் சிறிய கார்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன.

நம்மூரில் லைசென்ஸ் ராஜ் காலத்துக் கார்கள் என்று மூன்றைச் சொல்வார்கள்: அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட். இதில் அம்பாசடர் மோனோகாக். ஃபியட்டும் (பின்னாளில் பத்மினி) மோனோகாக். மூன்றிலும் இளமையான வடிவம், நாசூக்கான கோடுகள், ஒரு இத்தாலியர் வரைந்த முகம் என்று இருந்த ஹெரால்டுக்கு மட்டும்தான் பழங்காலத்து லாரியைப்போலத் தனிச் சேஸிஸ். புதுமையான வண்டிக்குக் கீழே பழைய எலும்பு. ஏன்?

2

காரணம் தொழில்நுட்பம் இல்லை. தகடு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மோனோகாக் செய்ய மிகப்பெரிய பிரஸ்கள் வேண்டும். ஒரே அடியில் ஒரு முழுத் தரையையோ ஒரு முழுப் பக்கச் சுவரையோ அழுத்தி எடுக்கும் அச்சுகள் வேண்டும். இவற்றுக்குப் பெரும் முதலீடு தேவை. பிரிட்டனின் சிறிய கார் கம்பெனிகள் அதைச் சொந்தமாக வைத்திருக்கவில்லை. தனிக் கம்பெனிகளிடம் உடலைச் செய்து வாங்கின. கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, 1953இல் வெளியிட்ட ஸ்டாண்டர்ட் எய்ட் என்ற சிறிய மோனோகாக் காரின் உடலை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்திடம் வாங்கியது. அதே 1953இல் ஃபிஷர் அண்ட் லட்லோவை பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்த ராட்சசக் கம்பெனி அது. ஸ்டாண்டர்டுக்கு நேர் போட்டியாளர். இன்னொரு உடல் தயாரிப்பாளரான பிரிக்ஸை அதே ஆண்டு ஃபோர்டு வாங்கிக்கொண்டது. அடுத்த காருக்கு உடல் செய்துகொடுக்கச் சொல்லி ஸ்டாண்டர்ட் யாரிடம் போவது? எதிரியின் கடையில் போய் அரிசி கேட்பதா?

ஸ்டாண்டர்ட் கம்பெனி 1944இலேயே ட்ரையம்ஃப் என்ற பெயரை வாங்கி வைத்திருந்தது. புதிய சிறிய காரை அந்தப் பெயரில் கொண்டுவரத் திட்டம். பொறியியல் பொறுப்பு ஹாரி வெப்ஸ்டரிடம் இருந்தது. மொத்த உடலை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை என்றால், துண்டு துண்டாகச் செய்யவேண்டியதுதான். ஒரு துண்டை இங்கே, இன்னொன்றை அங்கே என்று சிறிய பிரஸ் வைத்திருப்பவர்களிடம் பிரித்துக் கொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் போல்ட் போட்டு இணைத்துவிடலாம். ஆனால் போல்ட் போட்டு இணைத்த துண்டுகள் சுமையைத் தாங்காது. தாங்குவதற்குக் கீழே ஒன்று வேண்டும். அப்படித்தான் தனிச் சேஸிஸ் திரும்பி வந்தது.

வடிவத்தை டூரினைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்தார். 1957இன் முடிவில் முதல் மாதிரி வண்டி இத்தாலியிலிருந்து கோவென்ட்ரிக்கு வந்து சேர்ந்தது. 1958இல் மாதிரி வண்டிகளைக் கேப் டவுனிலிருந்து டாஞ்ஜியர் வரை, ஆப்பிரிக்காவின் தெற்கு நுனியிலிருந்து வடக்கு நுனிக்கு, ஓட்டிச் சோதித்தார்கள். 1959 ஏப்ரல் 22 அன்று லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ட்ரையம்ஃப் ஹெரால்ட் வெளியானது.

அதன் அடிச்சட்டம் லாரியினுடையதைப்போல ஏணி வடிவம் இல்லை. இரண்டு பிரதானச் சட்டங்களும் வண்டியின் நடுவே நெருக்கமாக ஓடும், முதுகெலும்பு மாதிரி. முன்னால் விரிந்து இன்ஜினை ஏந்திக்கொள்ளும். பின்னால் டிஃபரென்ஷியல் அந்தச் சட்டத்திலேயே போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். இந்த முதுகெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் நீளும். ஆங்கிலத்தில் இந்தக் கைகளுக்கு அவுட்ரிகர் என்று பெயர். படகிலிருந்து வந்த சொல். இலங்கைக் கரையோரத்தில் 'ஒருவ' என்ற படகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், படகின் ஒரு பக்கமாகக் கைபோல நீண்டு ஒரு கட்டையைப் பிடித்திருக்குமே, அதுதான் அவுட்ரிகர். ஹெரால்டில் இந்தக் கைகளின் நுனிகளைக் கதவுக்குக் கீழே ஓடும் மெல்லிய பக்கச் சட்டங்கள் இணைக்கும். முதுகெலும்பு, விலா எலும்பு என்று வைத்துக்கொண்டால் போதும். காரின் உடல் இந்த விலாக்களின்மேல் ரப்பரும் பேக்கிங்கும் வைத்து போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டால் வந்த லாபத்தை ஆரம்பத்தில் யாரும் முழுசாக எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கூரை சுமை தாங்குவதில்லை, ஆகவே கூரையைக் கழற்றினால் கன்வர்ட்டிபிள். பின்பக்கத்தை மாற்றினால் எஸ்டேட், ஜன்னலை அடைத்தால் வேன். 1962இல் ஆறு சிலிண்டர் இன்ஜினைப் போட்டு விட்டெஸ் என்று ஒன்று வந்தது. கூடுதல் எடைக்காக அதன் சேஸிஸைக் கம்பெனியே பலப்படுத்தியது. அதே ஆண்டு, அதே குடும்பத்து எலும்பைக் குட்டையாக்கி ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் வந்தது. ஸ்பிட்ஃபயரில் பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டு, கதவுக்குக் கீழே இருக்கும் உடல் தகட்டையே அந்த வேலையைச் செய்யவைத்தார்கள். வெளியே பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும் இரண்டு வண்டிகளில், எது சுமக்கிறது என்பதே வேறு. பலப்படுத்தும் வேலையில் இறங்குகிறவர் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியும் இதுதான்: இந்த இடத்தில் சுமப்பது யார்?

நஷ்டமும் இருந்தது. போல்ட் போட்ட மூட்டுகள் வழியாகத் தண்ணீர் கசிந்தது, உடல் கடகடத்தது. முதல் வண்டிகளுக்கு நல்ல பெயர் இல்லை. கம்பெனியும் கடனில் இருந்தது. 1961இல் லேலண்ட் அதை எடுத்துக்கொண்டு, தரத்தைச் சரிசெய்து, பெரிய இன்ஜினோடு ஹெரால்ட் 1200ஐக் கொண்டுவந்த பிறகே வண்டி நிமிர்ந்தது. 1971 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

3

துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் வண்டிக்கு இன்னொரு குணம் உண்டு. அதைப் பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றி, பெரிய பிரஸ் இல்லாத ஊரிலும் சேர்த்துக் கட்டிவிடலாம். அப்படியொரு ஊர்தான் மெட்ராஸ்.

1948இல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கியது. முதலில் ஸ்டாண்டர்ட் வான்கார்டு, பிறகு எய்ட், டென். இதற்கிடையில் 1953இல் டாரிஃப் கமிஷன் கறாராகச் சொல்லிவிட்டது: வெளியிலிருந்து கொண்டுவந்து முடுக்கி விற்பது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இருப்பவர்கள் மட்டும் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போயின. தங்கிய சிலரில் மெட்ராஸ் கம்பெனியும் ஒன்று. சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கம் அதன் தொழிற்சாலை இருந்தது. 1961இல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வெளிவரத் தொடங்கியது.

அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டுக் காலம். ஒவ்வொரு பாகமாக உள்ளூரில் செய்ய ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் 1147 சி.சி.க்குப் போன பிறகும் இங்கே பழைய 948 சி.சி. இன்ஜினே தொடர்ந்தது. நம் குடும்பங்கள் இரண்டு கதவுக் காரைப் பார்த்து முகம் சுளித்தன. பாட்டி பின்சீட்டுக்கு எப்படிப் போவாள்? 1960களின் கடைசியில் மெட்ராஸ் கம்பெனி நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அப்படி ஒன்று விற்பனைக்கு வரவே இல்லை. ஒரு மோனோகாக் காரின் பக்கவாட்டை வெட்டி இன்னொரு கதவு வைப்பது என்றால் வண்டியின் பலத்தையே மறுபடி கணக்குப் போடவேண்டும். இங்கே சுமை கீழே இருந்ததால் மேலே வெட்ட முடிந்தது. 1970களில் கேஸல் என்று ஒரு புது முகம் வந்தது. ஹெரால்டின் ஊசலாடும் பின்னச்சுமேல் வாடிக்கையாளர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்று கேஸலில் வழக்கமான ஒரே தண்டு அச்சைப் போட்டார்கள். 1977இல் அதுவும் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரோடு கம்பெனி ஒருமுறை திரும்பி வந்து பார்த்தது. எடுபடவில்லை. சில ஆண்டுகளில் தொழிற்சாலையே மூடப்பட்டது.

கம்பெனி மூடினால் கார் அன்றைக்கே நின்றுவிடுவதில்லை. அது அநாதையாகிறது. பிஸ்டனும் பேரிங்கும் கொஞ்ச நாள் கடைகளில் கிடைக்கும். சேஸிஸின் கை கிடைக்காது. அதை யாரும் ஸ்டாக் வைக்கமாட்டார்கள். சேஸிஸ் என்பது வண்டியோடு பிறந்து வண்டியோடு போவது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

4

ஆனால் அந்தக் கைகள்தான் முதலில் போகின்றன. அதற்கு அவற்றின் இடமும் உருவமும் காரணம்.

அவுட்ரிகர் என்பது தகட்டை மடித்துச் செய்த, உள்ளே வெற்றிடமான பெட்டி. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு நேராக முன்பக்கக் கைமேல் போய் அடிக்கும். கைக்கும் மேலே இருக்கும் தரைத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் அந்தச் சேறு தங்கும். மழை நின்று பத்து நாளானாலும் அந்தச் சேறு ஈரம் விடாது. பெட்டிக்குள் புகுந்த தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. ஆகவே துரு உள்ளேயிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும். பிரிட்டனில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு இதைச் செய்தது. சென்னையில் அந்த வேலைக்கு யாரும் உப்பு கொட்டவேண்டியதில்லை, கடற்காற்று இருக்கிறது. முன்பக்கப் பிரதானச் சட்டம் மட்டும் பெரும்பாலும் தப்பித்துவிடும். இன்ஜின் ஒழுகவிட்ட எண்ணெய் அதைக் காப்பாற்றியிருக்கும்! ட்ரையம்ஃப் பிரியர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் விஷயம் இது, ஆனால் உண்மைதான்.

கை போனால் என்ன ஆகும்? கதவைத் திறந்தால் மூடாது. மூடினால் திறக்காது. உடலின் ஓரம் தொங்கிப்போகும். கதவுக்கும் தூணுக்கும் நடுவே மேலே ஒரு விரல் இடைவெளி, கீழே ஒன்றுமே இல்லை என்று ஆகும். கதவின் கீலை முறுக்கிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் நோயை விட்டுவிட்டு இருமலுக்கு மருந்து கொடுக்கிறார்கள்.

பாகத்தைத் தேடுவதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, பிரிட்டன். அங்கே ஏராளமான வண்டிகள் ஓடியதால் ஒரு ரசிகர் கூட்டம் மிஞ்சியது. இந்தக் குடும்பத்து வண்டிகளுக்காக 1977இலேயே ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் தொடங்கியது. கேட்க ஆள் இருந்ததால் செய்யவும் ஆள் வந்தார்கள். ஹெரால்டின் அவுட்ரிகர்களும் பக்கச் சட்டங்களும் அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பணமும் கஸ்டம்ஸும் சமாளிக்க முடிந்தவர்கள் வரவழைக்கலாம். ஆனால் நான்கு கதவு உடல் நம்மூரில் மட்டும் பிறந்தது. கேஸலின் பின்னச்சும் வேறு. அங்கிருந்து வந்த துண்டை இங்கே அளக்காமல் ஒட்ட முடியாது.

இரண்டாவது வழி, புதுப்பேட்டை. சென்னையில் வண்டிகளைப் பிரித்து விற்கும் தெருக்கள். கியர்பாக்ஸ், விளக்கு, கைப்பிடி என்று அங்கே கிடைக்காதது குறைவு. ஆனால் இந்தப் பாகத்துக்கு மட்டும் புதுப்பேட்டை உதவாது. காரணம் எளிமையானது. நம் வண்டியில் எந்த இடம் செத்ததோ, அங்கே வெட்டிப்போட்ட வண்டியிலும் அதே இடம்தான் செத்திருக்கும்.

மூன்றாவது வழி, செய்துகொள்வது. டிங்கரிங் பட்டறை, ஒரு பெண்டிங் மெஷின், ஒரு வெல்டர். ஹெரால்ட் பிறந்த விதம் இங்கேதான் கைகொடுக்கிறது. இந்தச் சேஸிஸ் ராட்சச பிரஸ்ஸில் அடித்த சிக்கலான வளைவு இல்லை. மடித்த தகடு, நேர்க்கோடு, வெல்டிங். பெரிய பிரஸ் கிடைக்காதவர்கள் யோசித்த பொருள் என்பதால், பெரிய பிரஸ் இல்லாதவர்களால் மறுபடியும் செய்ய முடிகிறது.

5

செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் வெட்டக்கூடாது, அளக்கவேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முதுகெலும்புக்குக் கீழே பல இடங்களில் ஸ்டாண்டு கொடுத்துத் தாங்கவேண்டும். பிறகு குறுக்களவு: இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலைக்கு, வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலைக்கு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் கொத்தனார் நூல் பிடித்து மூலைமட்டம் பார்ப்பதும் இதே கணக்குத்தான். கதவு இடைவெளிகளை எழுதி வைக்கவேண்டும், கதவுத் திறப்பின் குறுக்கே ஒரு குழாயைத் தற்காலிகமாக ஒட்டி அது விரியாமலும் சுருங்காமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் சேஸிஸை ஒட்டியே ஓடுவதால், தீப்பொறி பறக்கும் முன் அவற்றைக் கழற்றிவிடவேண்டும். பேட்டரி இணைப்பையும்தான்.

அடுத்தது, ஒரு நேரத்தில் ஒரு கை. எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட்டால் வண்டிக்குத் தான் எப்படி இருந்தோம் என்பதே மறந்துவிடும். ஒன்றை வெட்டும்போது மற்றவை அளவுகோலாக நிற்கவேண்டும். முடிந்தால் உடலைத் தூக்காமலே செய்வது நல்லது, உடலில் உள்ள போல்ட் ஓட்டை புதிய கையின் நுனி எங்கே நிற்கவேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

வெட்டி எடுத்த பழைய கையைச் சுத்தம் செய்து, அதன் பக்கங்களைக் கெட்டி அட்டையில் படி எடுக்கவேண்டும். அட்டையை மடித்து, வண்டியில் பொருத்திப் பார்த்துத் திருத்தவேண்டும். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகே தகட்டுக்குப் போகவேண்டும். இந்த வேலைக்குப் பெரும்பாலும் 1.5 முதல் 2 மி.மீ. வரை கனமுள்ள சாதாரண மைல்டு ஸ்டீல் போதும். மடித்து, ஓரங்களைச் சேர்த்து, உடலின் போல்ட் வந்து பிடிக்கும் நட்டை உள்ளே ஒட்டிவிட்டுப் பெட்டியை மூடவேண்டும். மூடுவதற்கு முன் உள்ளே பிரைமர், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. அறுபது வருடத்துக்கு முன் செய்தவர்கள் விட்ட குறையை இந்தச் சின்ன ஓட்டை தீர்த்துவைக்கும். வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுக்காமல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தையல் போட்டு, ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்யவேண்டும். மெல்லிய தகடு சூட்டில் முறுக்கிக்கொண்டால், அத்தனை அளவும் வீண்.

இதில் இரண்டு தப்புகள் பரவலாக நடக்கின்றன. ஒன்று, துருவின்மேல் தகடு போடுவது. "மேல ஒரு பேட்ச் அடிச்சுட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்." ஓடும். ஆனால் பழைய துரு இரண்டு தகடுகளுக்கு நடுவே பத்திரமாக உட்கார்ந்து தின்னும். கடைசியில் புதுத் தகடும் சேர்ந்து விழும்.

இரண்டாவது தப்பு நல்லெண்ணத்திலிருந்து வருவது. "கம்பெனி 2 எம்.எம்.கூடப் போடலை, நாம 5 எம்.எம். ஆங்கிள் போட்டுடலாம், யானை ஏறினாலும் அசையாது." சேஸிஸ் அசையவேண்டும். குண்டும் குழியுமான சாலையில் அது கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, மறுபடி நேராகிறது. அந்த அசைவு சட்டம் முழுக்கப் பரவியிருக்கும். ஒரு இடத்தை மட்டும் கல் மாதிரி ஆக்கினால், அசைவு முழுவதும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குவியும். புதிய ஆங்கிளுக்கு ஒன்றும் ஆகாது. அது முடிகிற இடத்தில், பிரதானச் சட்டத்தில், முடி இழைபோல ஒரு விரிசல் விழும். லாரி சேஸிஸைப் பலப்படுத்தும் முறை தெரிந்தவர்கள் இதனால்தான் கூடுதல் தகட்டின் நுனியைச் சதுரமாக வெட்டாமல் சாய்வாக, மீன்வால்போல வெட்டுவார்கள். பலம் படிப்படியாகக் குறையவேண்டும், திடீரென்று நிற்கக்கூடாது. சட்டத்தின் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டிங் இழுப்பதையும் தவிர்ப்பார்கள், அந்தக் கோடே விரிசலுக்கு வழிகாட்டியாகிவிடும் என்பதால்.

ஆக, பழைய வண்டியைப் பலப்படுத்துவது என்பது அனேகமாக அதன் பழைய பலத்தை அதற்குத் திருப்பிக் கொடுப்பதுதான். அதற்கு மேல் கொடுத்தால் வேறொரு இடத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

6

இப்போது அந்தச் சட்டச் சிக்கல்.

பிரிட்டனில் ஒரு பழைய காரைப் பெருமளவு மாற்றிக் கட்டினால் அதன் பழைய பதிவெண் தொடரலாமா என்று முடிவுசெய்ய நீண்டகாலம் ஒரு மதிப்பெண் முறை இருந்தது. சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, அச்சுகளுக்கு 2, கியர்பாக்ஸ் வகைக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, இன்ஜினுக்கு 1. மொத்தம் 14இல் 8 வேண்டும். எல்லோரும் இதயம் என்று சொல்லும் இன்ஜினுக்கு ஒரே ஒரு மதிப்பெண். யார் கண்ணிலும் படாத அடிச்சட்டத்துக்கு 5. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அதே வடிவத்தில் புத்தம்புதிதாகச் செய்த சேஸிஸுக்கு முழு மதிப்பெண். வேறொரு வண்டியிலிருந்து எடுத்துப் போட்ட பழைய சேஸிஸோ, வெட்டி உருமாற்றிய சேஸிஸோ என்றால் அடையாளமே போய்விடும். அதாவது அந்தச் சட்டம் இரும்பின் வயதைப் பார்க்கவில்லை, வடிவத்தின் நேர்மையைப் பார்த்தது.

இந்தியாவில் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி ஏற்பாடு வந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கவேண்டும், முதல் வடிவத்திலேயே பராமரிக்கப்பட்டிருக்கவேண்டும், சேஸிஸிலோ உடலிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்யும் பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக்கூடாது. அப்படி இருந்தால் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஹெரால்டுகள் எல்லாம் அந்த வயதுக்கு வந்துவிட்டன. கடைசி கேஸலும் 2027இல் வந்துவிடும்.

விதியின் நோக்கம் நியாயமானது. பழைய பெயரை வைத்துக்கொண்டு புது வண்டி ஓட்டுகிறவர்களைத் தடுக்கவேண்டும்தான். ஆனால் மாற்றம் என்ற சொல்லை எப்படிப் படிப்பது? சென்னையில் ஐம்பது மழைக்காலம் பார்த்த ஹெரால்டின் அவுட்ரிகர் பிறந்த தகட்டோடு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கையை மாற்றாமல் ஓட்டினால் ஆபத்து. மாற்றினால், ஒரு கறாரான அதிகாரியின் பார்வையில், அது சேஸிஸில் கை வைத்ததாகிவிடலாம். எதையுமே தொடாமல் துருப்பிடிக்கவிட்ட வண்டிதான் அசல், அக்கறையாகப் பார்த்துக்கொண்ட வண்டி அசல் இல்லை என்று முடிவாகிவிடக்கூடாது.

இந்தக் கேள்விக்கு விடை தேட நமக்குக் கிரேக்கத்துக் கப்பல் கதை தேவையில்லை. திருவாரூர் ஆழித்தேர் 1926இல் எரிந்துபோனது. 1930இல் புதிய தேர் ஓடியது. பிற்காலத்தில் அதற்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. அது ஆழித்தேர் இல்லை என்று வடம் பிடிக்கும் யாரும் சொல்வதில்லை. கோயில்களில் ஜீரணோத்தாரணம் என்று ஒரு முறையே இருக்கிறது. சிதைந்ததை மாற்றலாம், மாற்றவேண்டும். ஆனால் பழைய அளவில், பழைய இடத்தில், முறைப்படி. திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு செய்து கல்வெட்டுகளை அழித்த கதைகளும் நமக்குத் தெரியும். தேவைக்குத் தொடுவதற்கும் ஆசைக்குத் தொடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த மண் அனுபவித்தே அறிந்திருக்கிறது.

அதே அளவுகோலை இந்த இரும்புக்கும் வைக்கலாம். அதே அளவு, அதே கனம், அதே மடிப்பு, அதே போல்ட் ஓட்டை. இவை இருந்தால் அது பழுதுபார்த்தல். அகலச் சக்கரம் போடுவதற்காகவோ வேறு இன்ஜின் இறக்குவதற்காகவோ சட்டத்தை வெட்டினால் அது மாற்றம். இந்த எளிய வித்தியாசத்தை விதியே எழுதி வைத்துவிட்டால், வேலையை ஒளித்துச் செய்யவேண்டிய அவசியம் பட்டறைகளுக்கு இருக்காது. செய்த வேலையைப் படம் எடுத்து, அளவு எழுதி, பதிவுப் புத்தகத்தோடு வைத்துவிடலாம். ஒளித்துச் செய்யும் வேலையில்தான் துருவின்மேல் பேட்ச் விழுகிறது.

இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவை மோனோகாக். மிகக் கடினமான எஃகு வகைகள், பசை போட்டு ஒட்டிய மூட்டுகள், ரோபோ வைத்த வெல்டிங். பாதுகாப்பிலும் எடையிலும் அவை ஹெரால்டைவிட எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் அறுபது வருடம் கழித்து அவற்றின் ஒரு தகடு செத்தால், தெருமுனைப் பட்டறையில் அட்டையில் படி எடுத்துச் செய்ய முடியாது. ஹெரால்டின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் அது சிறப்பான கார் என்பது இல்லை. எதிரியின் கைக்குப் போன பிரஸ்களை நம்பாமல், சின்னக் கைகளால் ஆவதை வைத்து அதைக் கட்டினார்கள். அதனால் இன்றும் சின்னக் கைகளால் அதைக் காப்பாற்ற முடிகிறது.

ஹெரால்டின் அடியில் வேலை செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டி எடுத்த பழைய அவுட்ரிகரை இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்பார். கொடுக்கவேண்டாம். எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அதன் ஒரு ஓரமாவது மிஞ்சியிருக்கும், ஒரு மடிப்பின் கோணமாவது தெரியும். தொழிற்சாலை மூடிப்போன ஒரு வண்டிக்கு, அடுத்தவர் செய்யப்போகும் கைக்கு, அந்தத் துருத் துண்டுதான் வரைபடம்.